வலக்கைப் பக்கம் ஆறு

கார்த்திகை ஏகாதசிக்கு மறுநாள்
துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு
கேந்தாலால் பஸ் ஏறி ஓங்காரேஷ்வர் போனான்,
ஆற்றைச் சுற்றி வர.

ஏன் என்றேன்.
"நாளைக்கு முப்பது தடவை குறுக்கே போகிறேன்.
ஒரு தடவை கூடவே போய்ப் பார்க்கிறேனே."
ஆவணி வெள்ளத்தில் கவிழ்ந்த படகைப் பற்றி
அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

நடப்பவருக்கு விதி இது:
நர்மதை எப்போதும் வலக்கைப் பக்கம்.
கடல் வரும்வரை கடக்கக் கூடாது.
கடப்பதையே சோறாக உண்ட கேவட் வீட்டில்
இதை வேறு யார் சொல்லியிருந்தாலும்
சிரித்திருப்பேன்.

மூன்றாம் நாள் விடியலில்
பால்காரன் மோகர்சிங் இரண்டு கேன்களோடு
துறையில் நின்று கத்தினான்.
பால் யாருக்காகவும் நோன்பிருக்காது.
துடுப்பை எடுத்தேன்.
முதல் நடையில் படகு அரைப் பர்லாங் கீழே போய்
முள்ளில் ஒதுங்கியது.
கரை சேர்வதற்குள் பால் தயிரானதாக
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.
சங்கராந்திக்குள்
நேராகப் போகக் கற்றுக்கொண்டேன்.

எப்போதாவது அழைப்பான்.
சூல்பாண் காட்டில் யாரோ
போர்வையையும் செருப்பையும் பிடுங்கிக்கொண்டார்களாம்,
பூஜைப் பாட்டிலில் இருந்த ஆற்றைத் தொடவில்லையாம்.
கடல்முகத்தில் எல்லோரையும் பெரிய படகில் ஏற்றி
வடகரையில் விட்டார்களாம்.
பிறந்ததிலிருந்து முதல்முறை
பயணியாக உட்கார்ந்தவன்
வழியெல்லாம் வாந்தி எடுத்தானாம்.
நான் சிரித்தது அங்கே கேட்டிருக்கும்.

ஜயந்தி விளக்குகள் மிதந்து போன மறுவாரம்
எதிர்க்கரையில் வெள்ளையாய் ஒரு புள்ளி.
தொலைபேசி அடித்தது.
"நம் கூரை தெரிகிறது" என்றான்,
"ஓடு ரெண்டு நழுவியிருக்கு."
என் குரல் ஹர்தா கோபுரம் வரை போய்த் திரும்பி
அவன் காதைத் தொட்டது.
நடுவே கூப்பிடு தூரத்தில் தண்ணீர்
யாருக்கும் பதில் சொல்லாமல் போனது.

நாலு ரொட்டியைத் துணியில் முடிந்து
படகைத் தள்ளினேன்.
எனக்கு ஏது விதி?
பாதி ஆற்றில் மறுபடி அடித்தது.
"வராதே.
அந்தப் படகின் தார் மணம் பட்டால்
ஏறிவிடுவேன்."

கழியை ஊன்றி நீரோட்டத்தில் நின்றேன்.
படகு கயிற்றில் கட்டிய கன்றுபோல் இழுத்தது.
அவனுக்கு ஆறு வலக்கைப் பக்கம்.
எனக்கு இரண்டு பக்கமும்.
ரொட்டியை நானே தின்றேன், அவன் பார்க்க.
அவன் கிழக்கே நடந்தான்.

அமர்கண்டக்கில் ஊற்றைச் சுற்றிக்கொண்டு
தென்கரை வழியே வைகாசி வெயிலில் வந்து
சொந்த வாசலில் நின்றான்:
"நர்மதே ஹர்."
உள்ளே கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை.
எந்தப் பரிக்கிரமவாசிக்கும் அளப்பதுபோல்
மாவு அரைப்படி, துவரம்பருப்பு ஒரு கை,
உப்பு, இரண்டு மிளகாய்.
மூன்றாவதும் போட்டேன்,
அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை,
கையில் வந்துவிட்டது.
வாங்கும்போது அவன் விரல்
என் உள்ளங்கைக் காய்ப்பில் பட்டது.
தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.
அவன் காய்ப்பெல்லாம்
காலுக்கு இறங்கியிருந்தது.

வேப்பமரத்தடியில் சமைத்து, உறங்கி,
இருட்டிலேயே மேற்கே கிளம்பிவிட்டான்.
முடிய இன்னும் பத்து நாள் நடை.

இன்று நடுவாற்றில் மோகர்சிங் கேட்கிறான்:
அவன் வந்ததும் துடுப்பை யார் பிடிப்பது?
காற்று மாறுகிறது, கேனைப் பிடி என்கிறேன்.

கேந்தாலால் திரும்பி வரட்டும்.
அக்கரை போக வேண்டுமானால்
அவனுக்கும் பத்து ரூபாய்தான்.